இறுக்கமான வெட்சூட்டைச் சிரமமில்லாமல் போடுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நாங்கள் குடியிருந்தபோது, தீபாவளிக்கு முந்தைய சம்பள வாரத்தில் வளையல்காரர் ஒருவர் வருவார். லயத்து வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு பெண்ணின் கையையும் வாங்கிப் பார்ப்பார். பால் வெட்டி வெட்டி முட்டி தடித்துப்போன கைகள். அவர் எடுக்கும் வளையலைப் பார்த்தால் இது இந்தக் கைக்கு ஏறவே ஏறாது என்றுதான் தோன்றும். அவர் அவசரப்பட மாட்டார். கையில் சோப்பு நுரை தடவுவார். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்குவார். முட்டிகளை ஒவ்வொன்றாக அமுக்கி விடுவார். "தளர விடும்மா, விறைச்சா ஏறாது" என்பார். சில கைகளுக்கு மெல்லிய பிளாஸ்டிக் பையை உறை மாதிரி மாட்டி, அதன் மேல் வளையலைச் சறுக்க விடுவார். வளையல் மணிக்கட்டுக்குப் போனதும் பையை மட்டும் உருவி எடுத்துக்கொள்வார்.

பல வருடம் கழித்துத் தியோமான் தீவில், பலகைத் திண்ணையில் உட்கார்ந்து, கடலில் முக்குளிக்கும்போது உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடையான வெட்சூட்டை, கணுக்காலைத் தாண்டாமல் இழுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. நான் அதுவரை பலத்தைப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். வெட்சூட் பலத்துக்கு ஏறாது. வழுக்கலுக்கும் வரிசைக்கும்தான் ஏறும். அன்றிலிருந்து முக்குளிக்க வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதை முழுவதுமாக இங்கே எழுதுகிறேன். குளுவாங்கிலிருந்து மெர்சிங் போய், ஃபெர்ரி ஏறித் தியோமான் போகிற நம்மைப் போன்றவர்களை மனதில் வைத்து எழுதியது இது. வேறு எங்கே முக்குளித்தாலும் முறை இதேதான்.

ஏன் இவ்வளவு இறுக்கமாகச் செய்கிறார்கள்

தியோமான் கடல் பெரும்பாலும் 27 முதல் 30 டிகிரி வரை இருக்கும். கை வைத்தால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஆனால் நம் உடம்பு 37 டிகிரி. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். அதனால் 45 நிமிடம் கீழே இருந்துவிட்டு வந்தால் உதடு நடுங்கும். ஒரு நாளில் மூன்று முறை இறங்கினால், மூன்றாவது முறை மேலே வரும்போது கட்டாயம் தெரியும்.

வெட்சூட் தண்ணீரை உள்ளே விடாது என்று நினைக்கிறவர்கள் நிறைய. விடும். உள்ளே நுழையும் கொஞ்சம் தண்ணீர் அங்கேயே நின்று உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். சூட் தொளதொளவென்று இருந்தால் அந்தத் தண்ணீர் வெளியே போய்ப் புதுத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அப்புறம் சூட் போட்டும் பயனில்லை. உண்மையில் குளிரைத் தடுப்பது சூட்டின் துணிக்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகள். 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் இதைப் புரிந்துகொண்டுதான் வெட்சூட்டை உருவாக்கினார். உடம்பு நனையலாம், குமிழி மட்டும் அடைபட்டிருந்தால் போதும் என்பது அவர் கண்டது.

அந்தத் துணிக்குப் பெயர் நியோபிரீன். செயற்கை ரப்பர். நம் ஊர்க் கதையும் இதில் கொஞ்சம் உண்டு. 1922-இல் பிரிட்டிஷ் அரசு மலாயாவிலும் இலங்கையிலும் ரப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டு விலையை ஏற்றியது. அதிகமாக ரப்பர் வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்காவில், மரமே இல்லாமல் ரப்பர் செய்ய முடியுமா என்ற தேடல் சூடுபிடித்தது. 1930-இல் டியூபோன்ட் நிறுவன ஆய்வகத்தில் நியோபிரீன் பிறந்தது. நம் பாட்டன் பாட்டி வெட்டிய பாலுக்குப் போட்டியாக வந்த பொருளைத்தான் நாம் இன்று உடம்பில் மாட்டுகிறோம்.

இன்னொன்று. ஆழம் போகப் போக இந்தக் குமிழிகள் நசுங்கும். 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. சூட் மெலிந்துவிடும், மேலே இருந்ததைவிடக் கொஞ்சம் தளர்ந்தும் போகும். அதனால் கரையில் இறுக்கமாக இருப்பது சரியான அளவுக்கு அடையாளம். எவ்வளவு இறுக்கம் என்பதில்தான் பிழை நடக்கிறது.

அளவு சரிதானா என்று முதலில் பாருங்கள்

கீழே சொல்லப்போகிற எந்த வித்தையும் தவறான அளவைச் சரிசெய்யாது. சூட்டை முழுவதும் போட்டு ஜிப்பை மூடியபின் இவற்றைச் செய்து பாருங்கள். நெஞ்சு நிறைய மூச்சு இழுக்க முடிய வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும், தோள் கொஞ்சம் எதிர்க்கும், வலிக்கக் கூடாது. குந்தி உட்கார்ந்து எழ வேண்டும். கழுத்துப் பட்டைக்குள் ஒரு விரல் சிரமமின்றி நுழைய வேண்டும். இடுப்புக்குப் பின்னால், முதுகு உள்வாங்கும் இடத்தில், துணி உடம்பை விட்டு விலகிப் பை போல நின்றால் சூட் பெரிது. விரல் மரத்துப்போனாலோ, கை நீலம் பாய்ந்தாலோ சூட் சிறிது.

சைஸ் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் எம், இன்னொரு கம்பெனியின் எல். உயரம், எடை, நெஞ்சுச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு நான்கையும் எழுதிக்கொண்டு போய் அந்தக் கம்பெனியின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பெண்கள் ஆண் சூட்டை வாடகைக்கு எடுத்தால் பெரும்பாலும் இடுப்பில் இறுகும், தோளில் தொங்கும். பெண்களுக்கான வெட்டு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

புதுச் சூட் முதல் நான்கைந்து முறை விறைப்பாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து ஒரு அளவு பெரிதாக வாங்கிவிட வேண்டாம்.

முதல் நாள் ராத்திரி செய்ய வேண்டியவை

நகம் வெட்டுங்கள். இதைத்தான் முதலில் சொல்வேன். நியோபிரீன் கிழிவது பெரும்பாலும் பாறையில் உரசி அல்ல, போடும்போது நகம் பட்டு. இழுக்கும் அவசரத்தில் நகம் பதிந்தால், பிறைநிலா மாதிரி ஒரு வெட்டு விழும். முதல் நாள் கண்ணுக்கே தெரியாது. நாலு தடவை போட்டபின் அது வாய் பிளக்கும். நீள நகம் வளர்க்கிறவர்கள் மெல்லிய பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு இழுக்கலாம்.

மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். நம் பெண்கள் மறக்கிற ஒன்று மெட்டி. கால் உள்ளே போகும்போது மெட்டியின் விளிம்பு உள்துணியைக் கொக்கி போலப் பிடித்துக்கொள்ளும். கழற்ற மனமில்லாதவர்கள் மேலே மெல்லிய காலுறை போட்டுக்கொண்டால் போதும். தாலிக்கொடியோடு இறங்க விரும்புகிறவர்கள், அது கழுத்துப் பட்டைக்கு அடியில் சிக்காமல் நெஞ்சுப் பக்கம் இறக்கிவிட்டுத் தட்டையாக வைத்துக்கொள்ள வேண்டும். பட்டைக்கு அடியில் கனத்த சங்கிலி இருந்தால் கழுத்தை அழுத்தும், தண்ணீரும் அந்த வழியாக உள்ளே வரும்.

பைக்குள் இவை இருக்கட்டும்: மெல்லிய பிளாஸ்டிக் பை இரண்டு, ஒரு தெளிப்பான் பாட்டில், ஒரு சின்னத் துண்டு, லைக்ரா என்ற இழுபடும் மெல்லிய துணியில் தைத்த முழுநீள உடை. கடைசியாகச் சொன்ன லைக்ராவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

உள்ளே என்ன போடுவது

ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு செலவழிக்க முடியும் என்று யாராவது கேட்டால், முழுக்கை முழுக்கால் லைக்ரா உடை வாங்குங்கள் என்பேன். வெறும் தோல் நியோபிரீனோடு ஒட்டும், அதுவும் வியர்த்த தோல் பசை மாதிரி ஒட்டும். லைக்ரா மேல் சூட் வழுக்கிக்கொண்டு போகும். அக்குள், கழுத்து, முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களில் தோல் உரிந்து எரிவதும் நின்றுவிடும். வாடகைச் சூட் போடுகிறவர்களுக்குச் சுத்தமும் கிடைக்கும். உடம்பை மூடிக்கொண்டிருக்க விரும்பும் பெண்களுக்கு, படகில் பலர் முன்னால் சூட் மாற்றும் கூச்சம் இதில் பாதி குறைந்துவிடும். என் சித்தி முக்குளிக்க வரச் சம்மதித்ததே இதைப் பார்த்தபின்தான்.

தொளதொளப்பான பருத்திச் சட்டை, பாக்கெட் வைத்த கால்சட்டை இவற்றை உள்ளே போடாதீர்கள். சுருண்டு சுருண்டு ஓர் இடத்தில் உருண்டையாக நிற்கும்.

ஒன்று முழுதாகக் காய்ந்திருங்கள், அல்லது முழுதாக நனையுங்கள்

சூட் போடுவதில் பாதிப் போராட்டம் அரை ஈரத்தால் வருவது. தண்ணீரே இல்லாத தோல் ஓரளவு நகரும். தண்ணீர் நிறைய இருக்கும் தோல் வழுக்கும். இடைப்பட்ட பிசுபிசுப்பு, அதாவது வியர்வையும், துடைத்தும் துடைக்காத ஈரமும், துணியைப் பிடித்து நிறுத்திவிடும். நம் வெயிலில் 32 டிகிரி வெப்பத்தில் ஐந்து நிமிடம் இழுத்தால் எல்லோரும் அந்த இடைநிலைக்குத்தான் வருவோம்.

காய்ந்த முறை என்றால் நிழலில், காற்று வரும் இடத்தில், உடம்பைத் துடைத்துவிட்டு, சூட்டும் காய்ந்திருக்கும்போது, பிளாஸ்டிக் பையோடு போடுவது. நாளின் முதல் இறக்கத்துக்கு இது நல்லது.

நனைந்த முறை, இரண்டாவது இறக்கத்திலிருந்து. சூட் ஏற்கெனவே ஈரம். அரைகுறை ஈரத்தோடு மல்லுக்கட்டாமல், வாளித் தண்ணீரில் சூட்டை முக்கி, நீங்களும் தலையோடு ஊற்றிக்கொண்டு, சூட்டின் காலுக்குள்ளும் கைக்குள்ளும் ஒரு குவளைத் தண்ணீர் விட்டுப் போடுங்கள். கரையிலிருந்து இறங்குகிறவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடியே போடலாம். அலை இல்லாத நாளில் இதைப் போல எளிதான வழி இல்லை.

எதைத் தடவலாம், எதைத் தொடவே கூடாது

வளையல்காரர் சோப்பு தடவினார் என்றேன். இங்கே தலைக்குப் போடும் கண்டிஷனர் அல்லது குழந்தை ஷாம்பூ அந்த வேலையைச் செய்யும். ஒரு பங்குக்குச் சுமார் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தெளிப்பான் பாட்டிலில் ஊற்றி, கணுக்கால், குதிகால், முழங்கால், மணிக்கட்டு, முழங்கை ஆகிய இடங்களில் மட்டும் அடியுங்கள். உடம்பு முழுவதும் தேவையில்லை. இயற்கையில் எளிதில் சிதையும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். இது கடைசியில் பவளத்துக்கு மேல்தான் போய்ச் சேரும். படகுத் தளத்தில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், சிலிண்டரைச் சுமந்து வருகிறவர் அதில் கால் வைத்தால் விபரீதம்.

மூச்சடக்கி முக்குளிக்கிறவர்கள் போடும் சில சூட்டுகளில் உள்பக்கம் துணியே இருக்காது, வெறும் நியோபிரீன் நுரை. அதற்கு இந்தக் கரைசல் கட்டாயம். காய்ந்த உடம்போடு இழுத்தால் கிழிந்துவிடும்.

தேங்காய் எண்ணெய் தடவினால் என்ன என்று ஒவ்வொரு பயணத்திலும் ஒருவராவது கேட்கிறார். வேண்டாம். ரப்பரோடு வாழ்ந்த நமக்குத் தெரியாததா? எண்ணெய்க் கை பட்ட ரப்பர் வளையம் சில நாளில் பிசுபிசுத்து அறுந்து போவதைப் பார்த்திருக்கிறோம். நியோபிரீன் சாதாரண ரப்பரைவிட எண்ணெயைத் தாங்கும்தான், ஆனால் சூட்டில் இருப்பது நியோபிரீன் மட்டும் இல்லை. துண்டுகளை ஒட்டியிருக்கும் பசை, உள்துணி, தையல் எல்லாவற்றிலும் எண்ணெய் ஊறி நாறும், கழுவினாலும் போகாது. வாஸ்லின் மாதிரி பெட்ரோலியக் களிம்புகள் இன்னும் மோசம். முகப்பவுடரும் வேண்டாம். வியர்வையில் கட்டிபட்டுத் தோலைத் தேய்க்கும், கொட்டும்போது மூச்சுக்குள்ளும் போகும்.

இனி, போடும் முறை

கால்

உட்காருங்கள். ஆடும் படகில் ஒற்றைக்காலில் நின்று போட முயலாதீர்கள். சூட்டின் ஜிப்பை முழுதாகத் திறந்து, மேல்பாதியை உள்புறம் வெளியே தெரியும்படி இடுப்புவரை உரித்துத் தொங்க விடுங்கள். முதுகு ஜிப் சூட் என்றால் ஜிப் பின்னால், முழங்கால் தடிப்பு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பாதி தூரம் போனபின் திருப்பிப் போட்டது தெரிந்தால் வெறுத்துவிடும்.

பாதத்தில் பிளாஸ்டிக் பையை மாட்டி, கணுக்காலுக்கு மேல் அதைக் கையால் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். கால்விரல்களை நீட்டி, ஊசியில் நூல் கோப்பதுபோல் உள்ளே விடுங்கள். தடை எல்லாம் குதிகாலில்தான். பை இருந்தால் குதிகால் சறுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். வந்ததும் பையின் நுனியைப் பிடித்து உருவி, அடுத்த காலுக்கு மாட்டுங்கள். சூட்டின் ஓரத்தைக் கணுக்கால் எலும்போடு நிறுத்தாமல், ஒரு சாண் மேலே ஏற்றி விடுங்கள். அந்த ஒரு சாண் துணிதான் பின்னால் இடுப்புக்கும் தோளுக்கும் போய்ச் சேரும். எல்லாம் முடிந்தபின் கீழே இறக்கிக்கொள்ளலாம்.

இப்போது இழுக்கும் விதம். மேல் விளிம்பைப் பிடித்து மொத்தமாக இழுக்காதீர்கள். இழுத்தால் தையலுக்குத்தான் வலிக்கும், துணி நகராது. கெண்டைக்காலின் அடியிலிருந்து தொடங்குங்கள். கட்டைவிரலின் சதைப்பகுதியும் மற்ற விரல்களின் சதைப்பகுதியும் மட்டும் படும்படி, துணியை ஒரு சின்ன மடிப்பாகப் பிடியுங்கள். இரண்டு விரல் அகலம் மேலே நகர்த்துங்கள். விடுங்கள். பக்கத்தில் அடுத்த மடிப்பு. இப்படிக் காலைச் சுற்றி ஒரு வட்டம் வந்தால் துணி ஒரு சுற்று ஏறியிருக்கும். அடுத்து அதற்கு மேல் ஒரு வட்டம். முதலில் மெதுவாகத் தோன்றும். மூன்றாவது வட்டத்துக்கு மேல் கை தானாக ஓடும். முழங்காலைத் தாண்டும்போது காலை லேசாக மடக்கி நீட்டுங்கள்.

இரண்டு காலும் முழங்காலுக்கு மேல் வந்தபின்தான் எழுந்திருக்க வேண்டும்.

இடுப்பு

இந்த வழிகாட்டியில் ஒரு பத்தியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். "தோள் ஏறவில்லை அக்கா" என்று வருகிறவர்களில் பத்தில் எட்டுப் பேருக்குத் தோளில் ஒரு குறையும் இருக்காது. தொடையிடுக்கில் சூட் சரியாகப் போய் உட்கார்ந்திருக்காது. அங்கே மூன்று விரல் இடைவெளி இருந்தால், அந்த மூன்று விரல் துணி மேலே குறையும். தோள்பட்டை கீழே இழுக்கும், கழுத்து முன்னால் அமுக்கும், ஜிப் மூடாது. பிறகு எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை.

அதனால் கையைத் தொடும் முன், தொடையின் உள்பக்கத்தில் அதே சின்ன மடிப்புகளாக மேலே ஏற்றுங்கள். லேசாகக் குந்தி எழுந்து, மறுபடி ஏற்றுங்கள். இரண்டு மூன்று முறை. பின்பக்கத்திலும் அப்படியே. சூட் தொடையிடுக்கைத் தொட்டுக்கொண்டு, இடுப்பெலும்புக்கு மேல் நின்றால் சரி. இதற்கு மட்டும் ஐந்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.

இங்கே நின்றுவிடுங்கள். படகு கிளம்பவில்லை என்றால், முக்குளிப்பை வழிநடத்தும் டைவ் மாஸ்டர் இன்னும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றால், இடுப்பு வரை போட்டபடி நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். முழுதாகப் போட்டுக்கொண்டு வெயிலில் காத்திருந்தால் வியர்வை ஆவியாக வழியே இல்லை, சூடு ஏறிக்கொண்டே போகும். தலைவலியும் குமட்டலும் வந்து முக்குளிக்காமலே திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கை

வளையல்காரர் செய்ததை அப்படியே செய்யுங்கள். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களை ஒன்றுகூட்டி, பையை மாட்டி, கையை உள்ளே விடுங்கள். விறைக்க வேண்டாம். மணிக்கட்டு வெளியே வந்ததும் பையை உருவுங்கள். சூட்டின் ஓரத்தை முன்கை நடுவரை ஏற்றி, அங்கிருந்து அக்குள் வரை மடிப்பு மடிப்பாக நகர்த்துங்கள். அக்குளில் துணி சதையைத் தொடும்வரை விடாதீர்கள். காலுக்குத் தொடையிடுக்கு எப்படியோ, கைக்கு அக்குள் அப்படி.

இரண்டாவது கைதான் சிரமம், ஏனென்றால் முதல் தோள் துணியைப் பிடித்துக்கொண்டிருக்கும். யாராவது பின்னாலிருந்து துணியைத் தோளுக்கு மேல் தூக்கிக் கொடுத்தால் நொடியில் முடியும். கூட வந்தவரைக் கேளுங்கள். உதவுகிறவர் தொடுவதற்கு முன் "பிடிக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடுவது நல்ல பழக்கம்.

இரண்டு தோளும் ஏறியபின், கைகளைத் தொங்கவிட்டு முன்னால் குனிந்து, தோளை உருட்டுங்கள். துணி முதுகில் சமமாகப் பரவும்.

ஜிப்பும் கழுத்தும்

நீள முடி இருந்தால் பின்னிக்கொண்டு, முன்பக்கம் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஜிப்பில் சிக்கிய முடியைப் படகில் வைத்து எடுப்பது பெரும்பாடு.

நெஞ்சை நிமிர்த்தி, தோள்பட்டை எலும்பு இரண்டும் ஒன்றையொன்று தொடப்போவதுபோல் பின்னால் கொண்டு வாருங்கள். ஜிப்பின் இரண்டு பக்கமும் நெருங்கி வரும். மூடுகிறவர் ஒரு கையால் ஜிப்பின் அடியைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேலே இழுக்க வேண்டும். முதுகெலும்பை ஒட்டி நேராக மேலே. வெளியே, தம்மை நோக்கி இழுத்தால் பல் விலகும். நடுவில் நின்றால் வேகமாக உதறாமல், இரண்டு விரல் கீழே இறக்கி, உள்மடிப்புத் துணி சிக்கியிருக்கிறதா பார்த்து, மறுபடி ஏற்றுங்கள். தனியாக மூட வேண்டியிருந்தால் ஜிப்பில் தொங்கும் நீள வாரைத் தோளுக்கு மேல் எடுத்து, முன்னால் லேசாகக் குனிந்து இழுக்கலாம்.

கழுத்து ஒட்டுப்பட்டையை வரிசை தப்பாமல் ஒட்டுங்கள். சொரசொரப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் கழுத்தைப் புண்ணாக்கிவிடும். கடைசியாகக் கை, கால் ஓரங்களைக் கீழே இறக்கிவிட்டுக் குந்தி எழுந்து பாருங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்

கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனிகளில், அழுத்தத்தை உணரும் ஓர் இடம் உண்டு. அதை வெளியிலிருந்து எதாவது அமுக்கினால், இரத்த அழுத்தம் கூடிவிட்டதென்று உடம்பு தவறாக எடுத்துக்கொண்டு இதயத் துடிப்பைக் குறைக்கும். தலை சுற்றும், கண் இருட்டும், சிலருக்கு மயக்கமே வரும். தண்ணீருக்கு அடியில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எனக்கு ஒருமுறை ஒரு வாடகைக் கடையில் ஓர் அளவு சிறியதைக் கொடுத்து, "தண்ணீரில் இறங்கினால் தளர்ந்துவிடும்" என்று அனுப்பினார்கள். படகு ஓரத்தில் உட்கார்ந்து இருமினேன், கண்ணுக்குள் சின்னச் சின்னக் கருப்புப் புள்ளிகள் பறந்தன. பக்கத்தில் இருந்த தங்கச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஜிப்பை இறக்கினாள். அன்று நான் இறங்கவில்லை. நெஞ்சு இறுகி மூச்சு முழுதாகப் போகவில்லை, விரல் மரக்கிறது, தலை கிறுகிறுக்கிறது என்றால் ஜிப்பை இறக்குங்கள், வேறு சூட் கேளுங்கள். கட்டிய காசைப் பார்த்து இறங்க வேண்டாம்.

மூட்டுவலி உள்ளவர்கள், தோள் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், வயதானவர்கள் முதுகு ஜிப் சூட்டோடு போராட வேண்டியதில்லை. கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு துண்டாக வரும் சூட் உண்டு. மேல்துண்டு முன்ஜிப்போடு சட்டை மாதிரி வரும். கணுக்காலிலும் மணிக்கட்டிலும் சின்ன ஜிப் வைத்தவையும் கிடைக்கும். நம் கடலுக்கு அரைக்கை அரைக்கால் சூட்டே பலருக்குப் போதும்.

கழற்றும்போது

முடிந்தால் தண்ணீரிலேயே, இல்லையென்றால் கழுத்து வழியாக ஒரு குவளைத் தண்ணீர் உள்ளே ஊற்றிவிட்டுக் கழற்றுங்கள். தோளிலிருந்து வாழைப்பழத் தோல் மாதிரி உள்புறம் வெளியே வரும்படி உரியுங்கள். கையை நுனியைப் பிடித்து இழுக்காமல், மணிக்கட்டு ஓரத்துக்குள் மறு கையின் இரண்டு விரலை விட்டு, உள்ளங்கையின் அடிப்பகுதிக்கு மேல் விளிம்பைத் தூக்கிக் கடத்துங்கள். காலுக்கு உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒரு காலால் மறு காலின் ஓரத்தை மிதித்து உருவுவதுதான் எல்லோரும் செய்வது, அது ஓரத் தையலைச் சாகடிக்கும். குதிகாலில் நின்றுவிட்டால் கணுக்கால் பக்கம் உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டாலே போதும்.

வீட்டுக்கு வந்தபின்

சரியாகப் பராமரிக்காத சூட் விறைத்துவிடும், விறைத்த சூட் அடுத்த முறை ஏறாது. அதனால் இதுவும் போடும் முறையில் சேர்ந்ததே. நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் அலசுங்கள். வெந்நீர் வேண்டாம், வாஷிங் மெஷின் வேண்டாம். முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயவைத்து, அப்புறம் வெளிப்பக்கம். வெயில் ரப்பரை என்ன செய்யும் என்று தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் சொல்ல வேண்டாம். மெல்லிய கம்பிக் கொடியில் போட்டால் தோளில் பள்ளம் விழும். நான் துணி காயப்போடும் தடித்த மூங்கில் கழியில் இடுப்பில் மடித்துப் போடுகிறேன். எடுத்து வைக்க அகலமான ஹாங்கர், அல்லது சாதாரண ஹாங்கரில் பழைய துண்டைச் சுற்றிக்கொள்ளலாம். ஜிப் பல்லில் மெழுகுவர்த்தியை இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் அடுத்த முறை வெண்ணெய் மாதிரி ஓடும்.

நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பிப்ரவரி வரை தியோமான் பக்கம் பெரும்பாலும் போக முடியாது. இந்த நான்கு மாதத்தில்தான் சூட் பூஞ்சை பிடிக்கும், நாமும் பொங்கலையும் சீனப்புத்தாண்டையும் தாண்டி வருவோம். பிப்ரவரிக் கடைசியில் ஒரு சாயங்காலம், வீட்டில் காற்றாடிக்குக் கீழே, ஒருமுறை முழுதாகப் போட்டுப் பாருங்கள். ஏறவில்லை என்றால் மாற்றுச் சூட் தேட இன்னும் நாள் இருக்கும். ஏறினால் அந்த இரண்டு பிளாஸ்டிக் பையையும் துடைத்து மடித்து, காற்றில் கடலுக்குப் பறந்துவிடாதபடி சூட் பையின் ஜிப் பாக்கெட்டுக்குள் வைத்து மூடிவிடுங்கள்.